எருவும் ஏடும்

பண்டித வகுப்பிலே உழவதிகாரம் நடந்துகொண்டிருந்தது. திருக்குறளின் 104 ஆம் அதிகாரமாகிய அதனை யான் 27 ஆண்டுகளாகக் கற்பித்து வருகின்றேன். ஏட்டைத் திறவாமலே உரை கூறவல்லேன் என்னும் சிறு செருக்கும் எனக்குண்டு. அன்று ஏழாங் குறளுக்கும் எட்டாங் குறளுக்கும் பொருள் விரித்தேன். ஒரு பலப் புழுதி காற் பலமாகும்வண்ணம் மண்ணை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாது பயிர் செழிக்கும் என்பது முன்னையது. உழுதலினும் எருவிடுதல் நன்று என்பது பின்னையது. பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"ஐயா, எரு வேண்டாம் என்று சொன்னவர் அடுத்த மூச்சிலேயே உழவைவிட எருத்தான் நல்லது என்கிறாரே. இரண்டில் எது சரி?"

உரைகாரர் வழிநின்று ஏதோ அமைதி கூறினேன். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள். ஆனால் இருக்கையில் அமர்ந்திலள். "ஐயா எப்பவாவது எருப் போட்டிருக்கிறீங்களோ?" என்று மீண்டும் வினவினாள். வகுப்பு நகைத்தது. அவள் குறும்பாகக் கேட்டவளல்லள். தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. யான் போட்டதில்லை. என் தந்தையார்க்கு எட்டுப் பரப்புத் தோட்டம் இருந்தது. அங்கே எருக் கடகம் சுமந்தோர் வேறு சிலர். பண்டிதர் வீட்டுப் பிள்ளை கொட்டிற் பக்கம் போதலே குற்றமெனக் கருதப்பட்ட காலம் அது.

அவ்வினா எனக்கு முள்ளாயிற்று. எனவே, கிளிநொச்சி மாவட்டத்திலே கால்நடையும் காய்கறியும் சேர்த்துப் பண்ணை நடத்தும் பழைய மாணாக்கர் ஒருவர்க்குக் கடிதம் எழுதினேன். சென்ற ஆவணியில் எமக்குக் கிடைத்த பன்னிரண்டு நாள் ஓய்வை அங்கே கழிக்கலாமோ என்று கேட்டேன். "விருந்தினராய் வருவதானால் இரண்டு நாள் போதும், ஐயா. தொண்டராய் வருவதானால் பன்னிரண்டு நாளும் இருக்கலாம்" என மறுமொழி வந்தது. தம் பெயரை எழுதவேண்டா என்று அவர் கேட்டுக்கொண்டமையால் அவரைப் பண்ணையார் என்றே குறிப்பேன். அச்சொல்லுக்குரிய பழைய ஆரவாரம் ஒன்றும் அவரிடம் இல்லை.

தொண்டர் என்பதற்கு அங்கே பொருள் வரையறை உண்டு. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் உழைத்தல் வேண்டும். அதற்கு ஈடாக உணவும், படுக்க இடமும், கேட்ட வினாவுக்கு விடையும் கிடைக்கும். காசு கைமாறாது. பண்ணையார் இங்கிலாந்திலே பொறியியல் படிக்கச் சென்றவர். விடுமுறைகளில் அந்நாட்டுப் பண்ணைகளிலே தொண்டராய் இருந்து, படிக்கச் சென்றதை விட்டுப் படியாததைக் கற்றுத் திரும்பியவர். இம்முறையின் வரலாற்றை அவர்வாயிற் கேட்டேன். 1971 ஆம் ஆண்டிலே சூ கொப்பாட் என்னும் பெண்மணி இலண்டனில் ஓர் அலுவலகத்திற் செயலாளராய் இருந்தார். நகரத்தில் அடைபட்டோர் நாட்டுப்புறத்தை நாட வழியில்லையே என வருந்தி, சசெக்ஸ் பகுதியில் எமேர்சன் கல்லூரியைச் சார்ந்த பண்ணையில் ஒரு வாரவிறுதி வேலை செய்ய இடங் கேட்டார். முதல் வாரவிறுதிக்குச் சென்றவர் நால்வரே. இன்று அவ்வியக்கம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிற் பரவியிருக்கின்றது.

சொல்லாராய்ச்சியிற் பழகியவனாதலால் அதன் பெயர்தான் என்னைப் பெரிதும் கவர்ந்தது. 'வூஃப்' என்பது ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்கள் கூடியமைந்த குறி. முதலிலே அது சேதனப் பண்ணைகளில் வாரவிறுதி வேலை எனப் பொருள்பட்டது. பின்னர் விருப்புள்ள வேலையாட்கள் என்றாயிற்று. வேலையாள் என்ற சொல்லைக் கண்டு பிறநாட்டுக் குடிவரவு அதிகாரிகள் ஐயுற்றமையால், உலகெங்கும் உள்ள வாய்ப்புக்கள் என இரண்டாம் முறையும் மாறியது. எழுத்து ஒன்றேனும் பெயராமற் பொருள் மட்டும் இருமுறை பெயர்ந்த சொல்லை யான் வேறெங்கும் கண்டிலேன்.

ஆயினும் ஒன்று சொல்லாமல் இருத்தல் இயலாது. காசின்றி உழைத்தல் என்றதும் ஐரோப்பிய இளைஞர்க்கு விடுமுறை நினைவுக்கு வரலாம். நம் ஊர்க்காரனுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். என் தந்தையாரின் தோட்டத்திலே எருச் சுமந்தோரும் சோற்றுக்கே சுமந்தனர். அவர்களை எவரும் தொண்டர் என்றிலர். விரும்பியபோது விட்டுப் போகும் உரிமை உள்ளவனுடைய உழைப்பே தொண்டு, ஏனையது வேறு. பண்ணையார் இதனை நன்கு உணர்ந்தவர். அவரிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் உளர். வன்னியிலே பரம்பரையாய் மாடு வளர்த்தவர். தொண்டர் எத்துணைப் பேர் வரினும் பெரியவரின் சம்பளத்தில் ஒரு சதமும் குறையலாகாது என்பது அப்பண்ணையின் விதி. தொண்டர்க்கு உண்மையான ஆசிரியர் அப்பெரியவரே.

எம்மோடு இருந்தோர் இருவர். ஒருவன் மட்டக்களப்பு இளைஞன். என்னைச் 'சேர்' என்பான். மற்றவள் ஜேர்மனியிலே பிறந்து வளர்ந்த நம்மவர் மகள், 'அங்கிள்' என்பாள். அவளுக்குத் தமிழ் பேசவரும், வாசிக்க வராது. எனக்கோ எருவைப் பற்றி வாசிக்கவரும். ஆகவே மாலையில் அவளுக்கு அரிச்சுவடி யான் சொல்லிக்கொடுப்பதென்றும், காலையில் எனக்குக் கூட்டெரு அவள் சொல்லிக்கொடுப்பதென்றும் உடன்பாடு செய்துகொண்டோம்.

கூட்டெருக் குவியலே எனக்கு இடப்பட்ட முதற் பணி. அவள் கூறியதை முழுதுங் கேளாமல், மிகுதியாய் இடின் மிகுதியாய் விளையும் எனக் கருதி, புதுச்சாணத்தையும் பச்சைக் கிளிசரியாக் குழையையும் மாறி மாறி இட்டு, மண்வெட்டியால் நன்றாய் அமர்த்தி, நீரும் தாராளமாய் ஊற்றினேன். கோபுரம் போல் எழுந்த அதனைக் கண்டு மகிழ்ந்தேன். நான்காம் நாள் சோளகக் காற்று அதன் மணத்தைப் பண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்தது. மட்டக்களப்பு இளைஞன் சோற்றுத் தட்டுடன் எழுந்து அப்பாற் போனான். அவள் வந்து அலவாங்கை எடுத்துக் குவியலின் நடுவே குத்தினாள். சற்றுநேரம் விட்டுப் பிடுங்கி, நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். நுனி குளிர்ந்திருந்தது. "மூச்சு விட ஏலாமல் செத்துப் போச்சு, அங்கிள்" என்றாள்.

எது இறந்தது என்பதை அதன்பின்னரே கற்றேன். குவியலை உண்பன கண்ணுக்குப் புலப்படா நுண்ணங்கிகள். அவற்றுக்கு உடல்வளர்ச்சிக்கு நைதரசன் வேண்டும். அது சாணத்திலும் பச்சைக் குழையிலும் உண்டு. எரிபொருளாகக் காபன் வேண்டும்; அது வைக்கோல், சருகு, காய்ந்த பனையோலை ஆகியவற்றில் உண்டு. நைதரசன் ஒரு பங்காயின் காபன் 25 முதல் 30 பங்கு வரை இருத்தல் நன்று. காற்றும் உட்புக வேண்டும். ஈரம் எவ்வளவு எனின், ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி கசியவேண்டும், ஒழுகலாகாது. இவை அமைந்தால் மூன்று நாளிலே குவியலின் உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேல் ஏறும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் அவ்வெப்பத்தில் மடியும். அமையாவிடின் நைதரசன் காரநெடியாய்க் காற்றிற் போய்விடும். அன்று எங்கள் உணவைக் கெடுத்த நாற்றம், பயிருக்குச் சேரவேண்டிய செல்வம் வீணே பறந்த நாற்றமாகும்.

குவியலைப் பிரித்துக் காய்ந்த ஓலைத் துண்டுகளும் வைக்கோலும் சேர்த்து மீண்டும் அடுக்க இரண்டு நாள் பிடித்தது. என் கைகளிற் கொப்புளம் எழுந்தது. யாரும் அதற்காக இரங்கியதாகத் தெரியவில்லை.

இம்முறையை ஒழுங்குபடுத்தி உலகுக்கு அறிவித்தவர் அல்பேட் ஹவாட் என்னும் ஆங்கில அறிஞர். 1924 முதல் 1931 வரை இந்தூர் நகரிலே ஆராய்ச்சிப் பண்ணை நடத்தி, யஷ்வந்த் வாட் என்னும் இந்தியருடன் சேர்ந்து 1931 இல் நூல் வெளியிட்டார். இந்திய உழவரையும் பயிரை அழிக்கும் பூச்சிகளையுமே தமக்குப் பேராசிரியராகக் கொண்டதாக அவர் கூறியுள்ளார். நம்மவர் குப்பைக் கிடங்கிற் செய்ததை அவர் பார்த்து, அளந்து, எழுதினார். நாமோ அவர் எழுதியதைப் படித்தபின்னர் நம் குப்பைக் கிடங்கைத் திரும்பிப் பார்க்கின்றோம். இதற்கு அவரைக் குறைகூறுதல் தகாது. எழுதாமல் இருந்த பண்டிதர்களையே கூறவேண்டும்.

இனி மாடு. பெரியவரிடம் யான் கற்றது பட்டியடைத்தல். பதினெட்டு நாட்டு மாடுகளைப் பகலிலே மேயவிட்டு, இரவிலே கிளுவைக் கதியால்களும் கயிறும் கொண்டு வளைத்த பட்டியில் அடைப்பர். மூன்று இரவு கழிந்ததும் பட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்துவர். மாரி விதைப்புக்கு முன் வயல் முழுவதும் இவ்வாறு மாடு கிடந்துவிடும். சாணத்தை வாரிச் சுமப்பதிலும் இது சிறந்தது ஏன் என்று வினவினேன். "சாணத்தைச் சுமக்கலாம் வாத்தியார், சலத்தைச் சுமக்கேலுமோ?" என்றார் பெரியவர். இவ்வொரு விடையில் ஒரு நூலே அடங்கும். மாடு கழிக்கும் நைதரசனிற் பாதியளவும், பொற்றாசியத்திற் பெரும்பகுதியும் சலத்திலேயே உள்ளன. கொட்டிலின் கல்தரையிற் கட்டிய மாட்டின் சலம் வடிகாலோடு போகின்றது. பட்டியிற் கிடக்கும் மாட்டின் சலமோ வயலிலேயே சுவறுகின்றது.

பெரியவரின் பழமைக்குப் பண்ணையார் புதுமை ஒன்று கூட்டியிருந்தார். பட்டி நகர்ந்த நாலாம் நாள், சில்லுப் பூட்டிய கோழிக்கூடு ஒன்றை அவ்விடத்துக்கு இழுத்துச் செல்வோம். சாணத்திலே ஈ இட்ட முட்டைகள் புழுவாகியிருக்கும் தருணம் அது. கோழிகள் சாணத்தைக் கிளறிப் புழுவைத் தின்று, சாணத்தையும் பரப்பிவிடும். அமெரிக்காவில் வேர்ஜீனியா மாநிலத்திலே ஜோயல் சலற்றின் என்னும் பண்ணையாளர் இவ்வாறு செய்து புகழ்பெற்றவராம். மேய்ச்சற்றரையையும் அவர் துண்டு துண்டாய்ப் பிரித்து, ஒருமுறை மேய்ந்த துண்டுக்குப் புல் மீளத் தழைக்கும்வரை ஓய்வு கொடுக்கின்றார். அவ்வோய்வின் இன்றியமையாமையை பிரான்சு நாட்டு அந்திரே வுவாசேன் 1957 இல் நூலாக எழுதினார். இவ்வாறு மண்ணைக் கெடாமற் காத்தல் மட்டுமன்றிக் கெட்ட மண்ணை மீளவும் உயிர்ப்பித்தலை நோக்கமாகக் கொண்ட உழவுக்கு, அமெரிக்கரான றொபேட் றொடேல் என்பார் 1980களிலே ஒரு பெயரிட்டார். அதனை மீளுயிர்ப்பு வேளாண்மை என்று யான் தமிழாக்குகின்றேன். இதனினும் நல்ல சொல் எவரேனும் தரின் ஏற்பேன்.

எட்டாம் நாள் இரவு, மாணவியின் வினாவைப் பண்ணையார்முன் வைத்தேன். அவர் உடனே விடை கூறிலர். முற்றத்திலே விளக்கை வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசினார். காய்ந்த மண்ணில் முதன்மழை விழுந்ததும் பயிர் கருகருவென்று பச்சைகொள்வதை உழவர் எல்லாரும் அறிவர். 1958 ஆம் ஆண்டிலே, கெனியாவில் ஆராய்ந்த பேர்ச் என்னும் அறிஞர் இதனை அளந்து எழுதினார். மண் நன்றாய்க் காயுங்கால் நுண்ணங்கிகளுட் பல மடிகின்றன. மண்ணிற் சேர்ந்து கிடந்த மக்கும் கட்டவிழ்கின்றது. மீண்டும் நனைந்ததும், எஞ்சிய நுண்ணங்கிகள் பெருகி அவற்றை உண்டு, பயிருக்கேற்ற நைதரசனை ஒருங்கே வெளிவிடுகின்றன. எத்துணை உலர்ந்ததோ அத்துணை மிகுதி. இதனை இக்காலத்தார் பேர்ச் விளைவு என்பர்.

"ஆகவே ஏழாவது குறள் பொய்யன்று, ஐயா. ஆனால் அது வங்கியிலே வைப்பிலிருந்த காசை எடுப்பது போன்றது. ஒவ்வோராண்டும் உழுது உலர்த்தி எடுத்துக்கொண்டே போனால் மக்கு முடிந்துபோம். எட்டாவது, வங்கியிற் காசு இடுவது. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கின்றார்" என்றார். அடிகளின் வைப்புமுறை பற்றிப் பன்முறை எழுதியும் பேசியும் உள்ள யான் வாய்மூடி இருந்தேன். வள்ளுவனார் நைதரசனைக் கண்டாரென்று யான் வாதிடவில்லை. அவ்வகை வாதங்கள் எனக்கு உவப்பல்ல. அவர் வயலைப் பார்த்தார் என்பதே எனக்குப் போதும்.

பேச்சு 2021 ஆம் ஆண்டுக்குத் திரும்பியது. அவ்வாண்டு மே மாதத்தில் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றினால் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நாடு முழுவதும் ஒரே போகத்திற் சேதன முறைக்கு மாறவேண்டும் என்றனர். நவம்பரில் அத்தடை மீளப்பெறப்பட்டது. அதற்குள் காலபோகம் கெட்டுவிட்டது. சேதன முறையிலே பற்றுள்ள பண்ணையார் அத்தடையை வரவேற்றிருப்பார் என எண்ணினேன். அவர் முகம் கடுத்தது. பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைத் திருப்பிக் கணக்கெழுதினார். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றிலே 23 கிலோ. நல்ல கூட்டெருவிலே நூற்றுக்கு ஒன்றேகாற் பங்கு என்று வைத்தாலும், அம்மூடைக்கு ஈடாக ஏறத்தாழ இரண்டு தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் முதற் போகத்திற் பயிருக்குக் கிட்டுவது ஒரு சிறுபகுதியே; மீதி மெல்ல மெல்லப் பின்னாண்டுகளிற் கிட்டும்.

"இரண்டு தொன்னுக்கு மாடு எங்கே, குழை எங்கே, அதை அடுக்கப் பழகின கை எங்கே? உங்களுக்கே ஒரு குவியலுக்கு இரண்டு தரம் வேண்டியிருந்ததே, ஐயா" என்றார்.

அவருடைய அயலவர் ஒருவர் அக்காலபோகத்திலே நகைகளை அடகுவைத்து விதைத்தவர். சந்தையில் வந்த கூட்டெரு எனப் பெயரிய பொதியை வாங்கி இட்டார். அதனுட் பாதி மண். நெல் மஞ்சளித்து நின்றதைப் பண்ணையார் தம் வரப்பிலிருந்தே கண்டார். அன்றுமுதல் அயலவர் சேதனம் என்ற சொல்லைச் செவியால் ஏலார். "நான் பத்து வருஷமாய்ச் சொன்னதை ஆறு மாதம் கெடுத்துப்போட்டுது" என்று பண்ணையார் கூறியபோது அவர் குரலில் இருந்தது சினமன்று, துயரமே. அவர் பண்ணையும் முதல் நாலாண்டு நட்டத்திலேயே ஓடியது. இன்றும் நெல் விளைச்சலில் இரசாயனப் பசளை இடும் அயலவர்க்கு அவர் பிற்பட்டே நிற்கின்றார். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தோரும் சேதன முறையின் விளைவு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைவென்றே காண்கின்றனர். கத்தரி, பயிற்றை, வெண்டி முதலிய காய்கறியிலும் பாலிலும் முட்டையிலும் அவர் அதனை ஈடுசெய்கின்றார்.

பின் எதற்காக இத்துணைப் பாடு என்று வினவினேன். அவர் என் ஊர்க் கிணற்றைச் சுட்டினார். குடாநாட்டிலே வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புக்களிலே தேங்கிய மழைநீரே நமக்குக் குடிநீர். மேலே இட்ட பசளையின் மிகுதி மழையோடு கீழிறங்கி அதிற் கலக்கின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனைக் கடந்துள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. கைக்குழந்தைகட்கு அது பெருங்கேடு. மலக்குழிகளும் அதற்குக் காரணமே. அளவின்றிக் குவித்த மாட்டெருவும் அதே கேட்டைச் செய்யும் என்பதையும் அவர் மறைத்திலர். சேதனம் என்பதனாலேயே ஒன்று தூயதாகிவிடாது. அளவறிந்து இடுதல் வேண்டும். அளவோ மண்ணுக்கு மண் வேறுபடும்.

பத்தாம் நாட் காலை அவள் அலவாங்கை என் கையிலே தந்தாள். குவியலிற் குத்தி, பொறுத்து, பிடுங்கினேன். நுனியைப் பிடித்த கையை உடனே எடுக்க வேண்டியதாயிற்று. குவியலின் உச்சியில் ஆவி எழுந்தது. மணமும் மாறி, மழை தொட்ட மண்ணின் வாசனைபோல் இருந்தது. பெரியவர் வந்து பார்த்து, "இப்ப சரி, வாத்தியார்" என்றார். 27 ஆண்டுகளில் வித்தியாதிகாரிகள் பலர் என் வகுப்பைப் பார்வையிட்டுச் சென்றுள்ளனர். ஒருவர் சொல்லும் எனக்கு இத்துணை இனித்ததில்லை. அன்று மாலை அவள் 'எரு' என்று சிலேற்றில் எழுதிக் காட்டினாள். ரகரத்துக்குக் கால் நீண்டுவிட்டது, திருத்தினேன்.

என் குவியல் முதிர இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றனர். எனவே முன்னிருந்த தொண்டர்கள் அடுக்கி முதிர்ந்த குவியல் ஒன்றிலிருந்து ஒரு சிறு சாக்கு நிறையக் கட்டித் தந்தார் பண்ணையார். கல்லூரிக் கிணற்றடியிலே நாலு வாழை நிற்கின்றன. உழவதிகார வகுப்பை அடுத்த வாரம் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். யாழ்ப்பாணப் பேருந்திலே நடத்துநர் சாக்கைக் காலாலே தட்டி, "என்ன சேர், அரிசியோ?" என்றார். எரு என்றேன். அவர் என் வேட்டியையும் சால்வையையும் ஒருமுறை பார்த்தார். பின்னர் சுமைக்குத் தனிச்சீட்டுக் கிழித்துத் தந்து, சாக்கைப் பின்னாற் கொண்டுபோய் வைத்தார்.